பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை: கடற்கரைப் பக்கம் கேபிள் இழுத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு கல்லடியில், கடலோரமாக எங்கள் வீடு. ஃபைபர் இணைப்பு, அதோடு தந்த ரவுட்டர்தான். வைஃபை 5 ரகம். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டும் உண்டு. முன் விறாந்தையில் இருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் பிறகு பின்பக்கம் ஓர் அறை கட்டி மகளைப் படிக்க விட்டோம். இந்த முறை உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். அந்த அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிப்பதே இல்லை. 2.4இல் சிக்னல் மைனஸ் 82 டிபிஎம் காட்டுகிறது, அதாவது மிகப் பலவீனம். பின்னேரம் சூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வரும், அப்புறம் படமும் அப்படியே நின்றுவிடும். கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. இடையில் குசினிச் சுவரும் தண்ணீர்த் தாங்கி நிற்கும் கொங்கிரீட் தூண்களும். ரவுட்டரில் நேரடியாகக் கேபிள் செருகினால் 90 எம்பிபிஎஸ் வருகிறது, ஆகவே இணைப்பில் பிழை இல்லை.

ரவுட்டரை உயரத்தில் வைத்துப் பார்த்தோம். சேனலை 1, 6, 11 என்று மாற்றினோம். 11இல் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பொழுதுபட்டதும் பழைய கதைதான். நண்பர் ஒருவரின் எக்ஸ்டெண்டரையும் வாங்கிப் போட்டோம். சிக்னல் கோடு நிறைந்தது, வேகம் பாதிக்கும் கீழே போனது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

சரி, கூரையோரமாகக் கேட்6 கேபிள் இழுத்துப் பின் அறையில் அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் பெட்டி) வைக்கலாம் என்று நினைக்கிறேன். தூரம் சுமார் 25 மீற்றர். ஆனால் இங்கே உப்புக்காற்றில் கேற் பூட்டே துருவேறிப் போகிறது.

கல்லடி, நாவலடி, கல்முனைப் பக்கம் வெளியால் கேபிள் இழுத்தவர்களே, வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாக்குப்பிடித்தது எந்த வகைக் கேபிள்?