ஹைக்கூவில் ஒற்றெழுத்தையும் எண்ணணுமா? நாலு ஜிகர்தண்டா பந்தயத்தில் இருக்கிறது

தெப்பக்குளம் ஸ்குவாட்:

வணக்கம். நாங்கள் நாலு பேர், தெப்பக்குளம், அனுப்பானடி பக்கம், பள்ளியில் இருந்தே கூட்டு. ராத்திரி பிஜிஎம்ஐ என்கிற மொபைல் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ரெண்டு மேட்ச் ஆடுவோம், பெரும்பாலும் எராங்கல் மேப்தான். முதலில் சாகிறவன் மற்றவர்கள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவன் ஆட்டத்தைப் பற்றி ஒரு சிரிப்பு ஹைக்கூ எழுதி குரூப்பில் போட வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். மூன்று வரிக்கு 5-7-5 எழுத்து என்கிற கணக்கு தப்பினால் ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் ஜிகர்தண்டா அவன் செலவு. விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது மேட்சை விட ஹைக்கூவுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறோம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் முறையாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

போன வாரம் நான் எழுதியது:

வீடு வீடாக
லூட்டு தேடிப் போனதில்
தோசைக்கல் மட்டும்

(ஆடாதவர்களுக்கு: லூட் என்றால் ஆட்டத்தில் அங்கங்கே கிடக்கிற ஆயுதம், சாமான்கள். அந்த ஆட்டத்தில் வாணலி மாதிரி ஒரு பான் கிடைக்கும், அதுவும் ஒரு ஆயுதம். எங்கள் குரூப்பில் அதற்குப் பெயர் தோசைக்கல்.)

புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் எனக்கு 5-7-5 சரியாக வருகிறது. ஒரு நண்பன் ஒற்றையும் சேர்த்து எண்ணி 5-10-9 என்கிறான். ஜப்பான்காரர்கள் ‘ன்’ என்ற ஒலியைத் தனியாக ஒன்று என்று எண்ணுகிறார்கள், நாமும் அப்படித்தான் எண்ண வேண்டும் என்பது அவன் வாதம். இன்னொருவன் பத்தாம் வகுப்பு இலக்கணத்தை ஞாபகம் வைத்து, சொல்லை ஓசைத் துண்டுகளாக அசை பிரித்து 5-6-5 என்கிறான். ஒரே கவிதைக்கு மூன்று கணக்கு. அதோடு ‘லூட்’ என்பதை ‘லூட்டு’ என்று நீட்டி ஒரு எழுத்தைத் திருடிவிட்டேன் என்று வேறு ஒரு புகார்.

ரெண்டாவது கேள்வி. இன்னொன்று எழுதினேன், இதில் கணக்கும் உதைக்கிறது, சிரிப்பும் வரவில்லை:

கடைசி வட்டம்
அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க
தோற்றுவிட்டேன்

(ஆட்டத்தில் களம் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும், கடைசி வட்டத்தில் சிலர்தான் மிஞ்சுவார்கள்.) நடந்தது நிஜமாகவே சிரிப்பான விஷயம். எழுதினால் சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

யாப்பு வாத்தியார்:

தம்பி, உங்கள் கணக்குதான் தமிழுக்குப் பொருந்தும். திருமங்கலத்தில் பல வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாப்பு சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் நண்பர்கள் ஒத்துக்கொள்ள அது வேண்டும்.

ஒற்றுக்கு, அதாவது புள்ளி எழுத்துக்கு, ஒலிக்கும் அளவு அரை மாத்திரைதான். அசை பிரிக்கும்போதும் அது முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தனியாக நிற்காது. ஒற்றை நீக்கி எழுத்தெண்ணிப் பாடுவது நமக்குப் புதிதும் இல்லை. கட்டளைக் கலித்துறைக்கு விதியே அதுதான்: அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாக 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதி முழுக்க அந்த யாப்புதான். வீட்டில் அம்மாவிடம் புத்தகம் இருந்தால் முதல் பாட்டின் முதல் அடியை எடுத்து, புள்ளி எழுத்தை விட்டு எண்ணிப் பாருங்கள், 17 வரும். உங்கள் 5-7-5ஐக் கூட்டினாலும் 17. இது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அசைக்கணக்கு ஏன் வேண்டாம் என்றால், நேரசையில் ஒற்று போக ஒரு எழுத்து, நிரையசையில் ரெண்டு. ‘தோசைக்கல்’ மூன்று அசை, ‘புளியமரம்’ கூட மூன்று அசைதான், ஆனால் ஒன்று மூன்று எழுத்து, மற்றது ஐந்து. அசையை எண்ணினால் ஐந்தசை அடி சில சமயம் பத்து எழுத்துவரை போய்விடும், அப்புறம் குறுகத் தரிக்கிற அழகு எங்கே? ஒற்றைச் சேர்த்தால் நேர் எதிராக, ‘தோசைக்கல்’ ஒன்றே ஐந்து எழுத்தாகி அடி முடிந்துபோகும்.

லூட், லூட்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். வல்லெழுத்தில் முடிகிற வேற்றுமொழிச் சொல்லுக்கு உகரம் சேர்த்துச் சொல்வது நம் வாயின் இயல்பு, பஸ்ஸு, கேட்டு, லைட்டு என்கிறோமே. எழுதியபடி எண்ணுங்கள், எண்ணியபடி வாசியுங்கள். ஆனால் ஒரே கவிதையில் ஒரு வரியில் லூட், இன்னொரு வரியில் லூட்டு என்று வசதிக்கு மாற்றாதீர்கள்.

புணர்ச்சியையும் கவனியுங்கள். ‘வந்து இறங்கி’ ஐந்து, ‘வந்திறங்கி’ நாலு. ஒரு எழுத்து கூடுதலாக நின்றால் சொல்லை வெட்டும் முன் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர்க்காரர்கள் என்பதால் சொல்கிறேன். 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதிதான் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதி, இந்தச் சின்ன வடிவத்தைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார்.

சிம்மக்கல் சாகுரா:

நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன், அந்த ‘ன்’ நண்பருக்குப் பதில் சொல்லலாம் என்று வந்தேன். அவர் சொல்வது பாதி சரி. ஜப்பானியத்தில் எண்ணுவது ‘ஒன்’ என்கிற ஒலியளவை. அதில் ‘ன்’ ஒன்று, இரட்டிக்கும் மெய்யும் ஒன்று, நெடில் ரெண்டு. நிப்பொன் என்பது நாலு, நாம் டோக்கியோ என்பதை அவர்கள் தோஒ-க்யோஒ என்று நீட்டுவதால் அதுவும் நாலு. அப்படியானால் அவர் ஒற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நெடிலை விடக் கூடாது. முழுசாக ஜப்பான் கணக்குப் போட்டால் ‘வீடு வீடாக’ என்பதே எட்டு ஆகிவிடும்! அவர் அதை ஐந்து என்றுதானே எண்ணியிருக்கிறார்? அந்தந்த மொழிக்கு எது ஒரு தட்டாக விழுகிறதோ அதை எண்ணுவதுதான் முறை, ஐயா சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. லூட்டு பற்றிக் கவலையே வேண்டாம், ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லை அவர்கள் சு-தொ-ர-இ-கு என்று ஐந்தாக நீட்டி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் எழுதுவதற்குச் சரியான பெயர் சென்ரியு. அளவு அதே 5-7-5, ஹைக்கூவில் வருகிற, காலத்தைக் காட்டும் பருவச்சொல் கட்டாயம் இல்லை, மனிதர்கள் மாட்டிக்கொள்கிற கோலம்தான் பாடுபொருள். 18ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தந்த கராய் சென்ரியு (1718–1790) பெயரே வடிவத்துக்கு நிலைத்துவிட்டது. ஜப்பானில் ஒரு காப்பீட்டு நிறுவனம் 1987இல் அலுவலகம் போகிறவர்களுக்கென்று தொடங்கிய சென்ரியு போட்டி ரொம்பப் பிரபலம். அலுவலகத்துக்கு முடியும் என்றால் ஸ்குவாடுக்கும் முடியும்.

இப்போது அந்த ரெண்டாவது கவிதை. ‘தோற்றுவிட்டேன்’ என்று நீங்களே சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு வேலை இல்லை. ‘கூப்பிட்டாங்க’ என்பதும் செய்தி சொல்வது மாதிரி இருக்கிறது. கடைசி வட்டத்தில் எத்தனை பேர் மிச்சம் என்பதைத்தான் நடு வரி சொல்ல வேண்டும், அந்த மூச்சடைப்பு வந்தால்தான் அடுத்து விழுகிறது சிரிப்பாகும். அம்மாவின் குரலை அப்படியே கடைசி வரியில் போட்டுவிடுங்கள்:

கடைசி வட்டம்
நானும் அவனும் மட்டும்
“சாப்பிட வாடா!”

ஜெயித்தவனுக்குச் சிக்கன் டின்னர் என்று திரையில் வருகிற ஆட்டத்தில் தோற்றவனுக்கு நிஜமாகவே சாப்பாடு ரெடி. அதை நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை, ஆனால் ஆடுகிற எல்லாருக்கும் புரியும். ஒன்பது எழுத்தில் இருந்த நடு வரியை ஏழாக்க வேண்டியிருந்ததால்தான் இது கிடைத்தது. கணக்குக்காக வெட்டும்போது முதலில் விளக்கத்தை வெட்டுங்கள், வாயில் பேசுகிற சொல்லைக் கடைசிவரை காப்பாற்றுங்கள்.

புதூர் நிரலி:

தம்பிகளா, சண்டையே வேண்டாம், நிரலில் எண்ணிவிடலாம். நேராக நீளம் கேட்டால் தப்பாக வரும், ஏனென்றால் யூனிகோடில் ‘சி’ என்பது ச ஒன்று, அதன் கொக்கி ஒன்று என்று ரெண்டு குறியீடு, ‘ட்’ என்பதும் ட ஒன்று, புள்ளி ஒன்று. ‘கடைசி வட்டம்’ இடைவெளியோடு சேர்த்து 12 என்று காட்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வரியில் இருக்கிற தனி உயிரெழுத்துகளையும் மெய்க்குறியீடுகளையும் கூட்டி, அதில் இருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். கொக்கி, கால், கொம்பு, ஆய்தம் எதையும் எண்ண வேண்டாம். ‘கடைசி வட்டம்’ மெய் 7, புள்ளி 2, மிச்சம் 5. ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ எல்லாம் இதில் தானாகவே ஒன்று என்று வந்துவிடும், ‘வைஃபை’ ரெண்டு என்று வரும். ‘கௌ’ எழுதும்போது கொம்பும் ‘ள’வும் தனித்தனியாகத் தட்டினால் மட்டும் ஒன்று கூடிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து வரி நிரல்தான், உங்கள் குரூப்பில் தானாகப் பதில் சொல்கிற ‘பாட்’ ஆகவே வைத்துக்கொள்ளலாம். (ஆட்டத்தில் வருகிற பாட் இல்லை, இது உதவுகிற பாட்.)

மாட்டுத்தாவணி ஸ்னைப்பர்:

எண்களை எழுத்தால் எழுதுங்கப்பா, இல்லையென்றால் எப்படி எண்ணுவது என்று அதற்கும் ஒரு சண்டை வரும். எம்416 துப்பாக்கியைத் தமிழில் வாசித்தால் ஏழு எழுத்து, நடு வரிக்கென்றே பிறந்த துப்பாக்கி:

கையில் இருக்கு
எம் நாலு ஒன்னு ஆறு
தோட்டாதான் இல்லை

இன்னொரு யோசனை. சென்ரியுவுக்குப் பருவம் தேவையில்லைதான், ஆனால் மேப்பே நமக்குப் பருவம் மாதிரி. விகெண்டியில் பனி, மிராமாரில் பாலை. நம்ம ஊரில் அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் மாடியில் உட்கார்ந்து மிராமார் ஆடினால் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிலம்தான். அப்போது எழுதினேன், இது சிரிப்பு கம்மி, ஆனால் எனக்குப் பிடித்தது:

சித்திரை வெயில்
போனும் கொதிக்கும் நேரம்
மிராமார் மணல்

தெப்பக்குளம் ஸ்குவாட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி அம்மாவிடம் புத்தகம் வாங்கி நாலு பேரும் உட்கார்ந்து எண்ணினோம், 17 வந்தது. அசை நண்பன் அந்த நிமிடமே ஒத்துக்கொண்டான். ஒற்று நண்பனுக்கு நெடில் ரெண்டு என்ற கணக்கைக் காட்டிய பிறகுதான் மனம் மாறியது, ஆனால் மாறியவன் முழுசாக மாறிவிட்டான், நிரலி அக்கா சொன்ன நிரலை அவனே எழுதி குரூப்பில் வைத்திருக்கிறான். ‘சாப்பிட வாடா’வை என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு, “அன்னைக்கு மூணு தடவை கூப்பிட்டேன்டா” என்றார்கள்.

நேற்று முதலில் செத்தது ஒற்று நண்பன். பக்கத்திலேயே இருந்தும் நான் அவனைத் தூக்கிவிடவில்லை, எதிரி பெட்டியில் லெவல் 3 ஹெல்மெட் இருந்தது. அவன் போட்டது இது, நிரலிலும் 5-7-5 சரி, ஞாயிற்றுக்கிழமை அவன் காசு கொடுக்க வேண்டியதில்லை:

காப்பாத்து மச்சான்
கத்துறவன் பக்கத்தில்
லூட் எடுக்கிறான்