கொரோனாவுக்குப் பிறகு சிக்னலைத் தாண்டும் வேகம் கூடிவிட்டதா? பெங்களூர் நண்பர்கள் பேசலாம்

அல்சூர்க்காரன்:
டாம்டாம் நிறுவனம் ஆண்டுதோறும் உலக நகரங்களின் நெரிசலைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2019-இல் நம் ஊர்தான் முதலிடம், நெரிசல் அளவு 71 சதவீதம். காலிச் சாலையில் ஆகும் நேரத்தைவிடச் சராசரியாக அவ்வளவு கூடுதல் நேரம் பிடித்தது என்று பொருள். 2020-இல் அது 51 ஆனது, 2021-இல் 48. பிறகு அலுவலகங்கள் திறந்தன, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு முனை பழைய சில்க் போர்டு ஆகிவிட்டது.

என் வாதம் இதுதான்: நெரிசல் திரும்பி வந்தது, ஆனால் காலிச் சாலையில் பழகிய வேகம் போகவே இல்லை. 2020 மார்ச் 25 ஊரடங்குக்குப் பிறகு ட்ரினிட்டி சர்க்கிளிலும் மேயோ ஹால் முனையிலும் சிக்னல் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது, நிற்கத்தான் வண்டி இல்லை. போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டு பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லும் சோதனையும் நிறுத்தப்பட்டிருந்தது. தளர்வு வந்த பிறகும் சாலை பல மாதம் பாதி காலிதான். சிவப்பு என்பது விருப்பப்பட்டால் நிற்க வேண்டிய இடம் என்று ஒரு கூட்டமே கற்றுக்கொண்டது அப்போதுதான். இன்றைக்கும் இரவு 10 மணிக்கு மேல் மஞ்சளைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது.

பெள்ளந்தூர் வாசி:
உங்கள் கவலை புரிகிறது சார், ஆனால் இரண்டு வேகங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். டாம்டாம் சொல்வது பயண வேகம். சிக்னலில் காத்திருக்கும் நேரமும் அதில் அடக்கம். ஒரு ஜங்ஷன் தன் கொள்ளளவு முழுக்க நிரம்பி வழியும்போது ஐந்தில் ஒரு பங்கு வண்டி குறைந்தாலே போதும், காத்திருப்பு அதைவிட மிக அதிகமாகக் குறைந்துவிடும். யாரும் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக முறுக்காமலேயே நகரத்தின் சராசரி வேகம் ஏறிவிடும். 2020-இல் நடந்தது அதுதான்.

நீங்கள் சொல்வது ஸ்டாப் லைனை, அதாவது சிக்னலில் நிற்க வேண்டிய கோட்டை, தாண்டும் கணத்தின் வேகம். நெரிசல் நேரத்தில் அதை ஓட்டுநர் தீர்மானிப்பதே இல்லை, முன்னால் நிற்கும் வண்டிதான் தீர்மானிக்கிறது. வரிசையில் பத்தாவதாக நிற்பவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் ஒன்பதாவது வண்டி நகர்ந்தால்தான் நகர முடியும். மாரத்தஹள்ளியிலும் இப்லூரிலும் காலை ஒன்பதரைக்கு நின்று பாருங்கள், கொரோனாப் பழக்கம் எங்கே தெரிகிறது?

ஆட்டோ_ஸ்ரீராம்புரம்:
காலை ஒன்பதரையை ஏன் சார் எடுக்கிறீர்கள்? அந்த நேரத்தில் 2015-லும் யாரும் பறக்கவில்லை. அதிகாலை ஐந்தரைக்கு மெஜஸ்டிக்கில் பஸ் இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு கார்ப்பரேஷன் சர்க்கிள் வழியாக வாருங்கள். எனக்குப் பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. முன்பெல்லாம் இந்தப் பயம் இருந்ததில்லை.

பெள்ளந்தூர் வாசி:
அண்ணே, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. அதற்குக் கொரோனாதான் காரணம் என்பதை மறுக்கிறேன். இதே ஐந்தாறு ஆண்டுகளில் வேறு என்னென்ன மாறியது? பத்து நிமிட டெலிவரி வந்தது. வண்டி எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. வெளிவட்டச் சாலை நெடுக மெட்ரோ வேலைக்குத் தடுப்பு போட்டார்கள். டெலிவரிப் பையன் மஞ்சளில் பறக்கிறான் என்றால் ஒரு ஆர்டருக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். ஊரடங்கில் கெட்டுப்போனான் என்று பழி போடுவது அநியாயம்.

அல்சூர்க்காரன்:
டெலிவரிப் பையன்களை நான் சொல்லவே இல்லை. காரில் போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எண்ணிக்கையே தருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்தந்த ஆண்டு வெளியிட்ட அறிக்கைகளின்படி 2019-இல் நாட்டில் 4,49,002 விபத்துகள், 1,51,113 மரணங்கள். 2020-இல் 3,66,138 விபத்துகள், 1,31,714 மரணங்கள். இரண்டும் குறைந்தன, சரி. ஆனால் 100 விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாருங்கள்: 2019-இல் 33.7, 2020-இல் 36, 2021-இல் 37.3. மோதல் குறைந்தது, மோதலின் உக்கிரம் கூடியது. வேகம் இல்லாமல் உக்கிரம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் இன்னும் வெளிப்படை. 2020-இல் அங்கே வண்டிகள் ஓடிய தூரம் சுமார் 11 சதவீதம் குறைந்தது, சாலை மரணங்கள் சுமார் 7 சதவீதம் கூடின.

பெள்ளந்தூர் வாசி:
இந்திய எண்ணில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை மரணங்கள். அதை வைத்து மேயோ ஹால் சிக்னலைப் பேச முடியாது. அதோடு, ஊரடங்கில் சின்ன உரசலுக்கெல்லாம் யார் ஸ்டேஷனுக்குப் போனார்கள்? சின்ன விபத்துகள் பதிவாகாவிட்டால் விகிதம் தானாக ஏறும்.

அல்சூர்க்காரன்:
பதிவுதான் காரணம் என்றால் எல்லாம் திறந்த பிறகு விகிதம் இறங்கியிருக்க வேண்டும். 2022-இல் விபத்துகள் 4,61,312, அதாவது 2019-ஐ விட அதிகம். விகிதம் அப்போதும் 36.5. நம் ஊரையே எடுத்தாலும் 2020, 2021 இரண்டிலும் 700-க்குக் கீழே இருந்த சாலை மரணங்கள் 2023-இல் 900-ஐத் தாண்டின.

பெள்ளந்தூர் வாசி:
2018-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த ஆண்டு விகிதம் 32.4. கொரோனாவின் பெயரே தெரியாத காலத்தில் அது 32.4-இலிருந்து 33.7-க்கு ஏறியிருக்கிறது. நல்ல சாலை, சக்தி கூடிய வண்டி, இவற்றால் அது ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த கோடு. கொரோனா நடுவில் வந்தது, அவ்வளவுதான்.

மர்பிடவுன் அக்கா:
நான் மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்ப்பவள். ஊரடங்கு காலம் முழுக்க வேலைக்குப் போய்வந்தேன். காலி சாலையைக் கடப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்து போகிறவருக்கு அது நேர்மாறு. நெரிசலில் வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டே போய்விடலாம், ஓட்டுகிறவர் முகம் தெரியும். காலி சாலையில் தூரத்தில் ஒரு விளக்கு மட்டும் தெரியும், அது எத்தனை வேகத்தில் வருகிறது என்று கணிக்கவே முடியாது. எங்கள் பகுதியில் இரவானால் சிக்னல் வெறும் மஞ்சள் மினுக்கலுக்குப் போய்விடுகிறது. அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் வண்டியை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

நீங்கள் இருவரும் காரணத்தைப் பற்றிச் சண்டை போடுங்கள். காரணம் பழக்கமோ, காலி சாலையோ, என்மேல் மோதினால் அடி ஒன்றுதான்.

சிவில்_70:
போக்குவரத்துப் பொறியியலில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கா சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பது வரும் வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. மஞ்சளைக் கண்டு பிரேக் அழுத்த 1 விநாடி, பிறகு ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்ற அளவில் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நிற்க ஏறக்குறைய 32 மீட்டர் வேண்டும். மஞ்சள் 3 விநாடி என்றால் அதற்குள் அவர் 33 மீட்டர் போய்விடுவார். ஆகவே எங்கே இருந்தாலும் அவரால் நிற்கவோ கோட்டைத் தாண்டவோ முடியும், சிக்கல் இல்லை. இப்போது 60-இல் வருபவரைப் பாருங்கள். நிற்க 63 மீட்டர் வேண்டும். 3 விநாடியில் போகக்கூடியது 50 மீட்டர். மஞ்சள் விழும்போது கோட்டிலிருந்து 50-க்கும் 63-க்கும் நடுவே இருப்பவர் பத்திரமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் தாண்டவும் முடியாது. அவர் ஒழுங்கானவராக இருந்தாலும் இதே கதிதான். அவருக்கு ஏறக்குறைய 4 விநாடி மஞ்சள் தேவை.

நம் நகரத்துச் சிக்னல்களை எல்லோரும் பீக் ஹவரை மனதில் வைத்தே பார்க்கிறோம். நீளமான சுற்று (எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிய ஆகும் நேரம்), நீளமான பச்சை, முடிந்தவரை வண்டியைத் தள்ளிவிட வேண்டும் என்ற எண்ணம். ஊர்ந்து வரும் கூட்டத்துக்கு அது சரி. அதே அமைப்பு இரவில் ஆளில்லாத குறுக்குச் சாலைக்காக ஒன்றரை நிமிடம் சிவப்பைக் காட்டினால் பொறுமைசாலியும் ஒருநாள் தாண்டிவிடுவார். கொரோனா புதிதாக எதையும் உண்டாக்கவில்லை என்பதே என் கருத்து. இரவு 11 மணி நிலைமையைப் பகல் 11 மணிக்கு, எல்லோர் கண்ணிலும் படும்படி, மாதக்கணக்கில் நடத்திக் காட்டியது. அந்த நேரத்தில் சிக்னல் நேரங்களை மாற்றிப் பார்க்க நல்ல வாய்ப்பு இருந்தது. நழுவ விட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் மரண விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 40-க்கும் 60-க்கும் நடுவே மோதலின் ஆற்றல் இரண்டே கால் மடங்கு.

பெள்ளந்தூர் வாசி:
நன்றி சார். நான் சொல்ல வந்ததும் இதுதான்: மனிதன் மாறவில்லை, சூழல் மாறியது.

அல்சூர்க்காரன்:
சூழல் பழையபடி ஆன பிறகும் மனிதன் பழையபடி ஆகவில்லை என்பது என் பக்கம். 2022 டிசம்பரில் 50 ஜங்ஷன்களில் தானியங்கி கேமராக்களை வைத்தார்கள். 2023 பிப்ரவரியில் பழைய அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்ததும் சில நாட்களிலேயே 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அவ்வளவு பாக்கி சேர்ந்திருந்தது என்றால் சூழலை மட்டும் குறை சொல்ல முடியுமா?

ஆட்டோ_ஸ்ரீராம்புரம்:
கேமரா எந்த முனையில் இருக்கிறது என்று ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அங்கே கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், அடுத்த முனையில் விட்டதைப் பிடிப்பார்கள். அந்தப் பாக்கியில் நோ பார்க்கிங், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்ததுதான், அதையும் சொல்லுங்கள்.

பெள்ளந்தூர் வாசி:
அண்ணன் சொன்னது நியாயம்.

அல்சூர் சார், நீங்கள் போக்குவரத்துப் போலீசுக்கு மனு எழுதப் போவதாக இன்னொரு இழையில் சொல்லியிருந்தீர்கள். இரவு நேரத்துக்குத் தனி நேர அமைப்பு, சுற்றைக் குறைப்பது, மஞ்சளை 4 விநாடி ஆக்குவது, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியைக் கூட்டுவது, இவற்றுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். 'கொரோனாவில் மக்கள் கெட்டுப்போனார்கள்' என்ற வரி இருந்தால் போட மாட்டேன். அதை வைத்து அபராதத்தைக் கூட்டிவிட்டுச் சிக்னலைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

அல்சூர்க்காரன்:
அந்த வரியை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் மனுவிலிருந்து எடுத்துவிடுகிறேன். அபராதத்தைப் பற்றி நீங்கள் சொன்னது யோசிக்க வேண்டியதுதான்.

மர்பிடவுன் அக்கா:
நடப்பவர்களுக்கான பச்சையையும் சேருங்கள் தம்பி. 24 மீட்டர் அகலச் சாலையைச் சாதாரணமாக நடந்து கடக்க 20 விநாடி ஆகும். டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவருக்கு 30 கூடப் போதாது. இரவில் மஞ்சள் மினுக்கல் வேண்டாம், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிற முனைகளிலாவது வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள். எங்கள் வார்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

சிவில்_70:
முனைகளின் பட்டியலை இங்கேயே போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சாலை அகலத்தையும் இப்போதுள்ள மஞ்சள் நேரத்தையும் யாராவது அளந்து சொன்னால், எத்தனை விநாடி கேட்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். அளப்பதை இரவு 10 மணிக்குப் பிறகு செய்யுங்கள், நடைபாதையில் நின்று மட்டும்.