செகிரோ: கெனிச்சிரோவிடம் டிஃப்ளெக்ட் விழவே மாட்டேன் என்கிறது. கன்ட்ரோலரா, டிவியா, நானா?

மொட்டைமாடி_ரோனின்:

வணக்கம் நண்பர்களே. சாதாரண பி.எஸ்.4-ல் ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ விளையாடுகிறேன். ஆஷினா கோட்டை உச்சியில் கெனிச்சிரோ என்ற பாஸிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எல்1 அமுக்கினால் கத்தி மேலே வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிஃப்ளெக்ட் (வெட்டு விழும் கணத்தில் சரியாகத் தட்டிவிடுவது) ஆனதைக் காட்டும் அந்தப் பெரிய ஆரஞ்சுப் பொறியும் ‘கணீர்’ சத்தமும் எப்போதாவதுதான் வருகின்றன. மற்றபடி எல்லாம் வெறும் தடுப்பாகவே போகிறது. அவன் ஒரு தொடர் வெட்டு ஆரம்பித்தால், அது முடிவதற்குள் என் போஸ்ச்சர் (நிரம்பினால் ஆள் நிலைகுலையும் கோடு) நிரம்பி ஆள் தள்ளாடிவிடுகிறான். அடுத்த வெட்டில் கதை முடிந்தது.

முந்தைய பாஸ்களிடம் இந்தத் தொல்லை இல்லை. சங்கிலி போட்ட ராட்சசனை நெருப்பு காட்டி முடித்தேன். கியோபு வந்தபோது பட்டாசு வெடித்துக் குதிரையை மிரள வைத்தேன். லேடி பட்டர்ஃப்ளையிடம் விலகி ஒரு வெட்டு, மறுபடி விலகி ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

கன்ட்ரோலர் பழசு. எல்1 தேய்ந்திருக்குமா? இல்லை, எங்காவது போய் லெவல் ஏற்றிவிட்டு வரவேண்டுமா? ஈஸி மோட் ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

சும்மா_வந்தேன்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் என் பதில்: கிடையாது ப்ரோ. 2019 மார்ச்சில் வெளிவந்தபோதே இதற்காக உலகம் முழுக்கச் சண்டை நடந்தது, ஃப்ரம்சாஃப்ட்வேர் அசைந்து கொடுக்கவில்லை. அந்த ஆண்டின் ‘கேம் ஆஃப் தி இயர்’ விருதையும் இதே கேம்தான் வாங்கியது. ஜப்பான், கத்தி, குதிரை எல்லாம் வேண்டும், ஆனால் உயிரை வாங்கக் கூடாது என்றால் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ இருக்கிறது. அதில் கஷ்டத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம். இது அவமானமில்லை, நானும் அங்கேதான் போய்ச் சேர்ந்தேன்.

கம்பி_வட்டம்:

முதலில் கருவிகளைச் சந்தேகப்படுவோம், அப்புறம் ஆளைப் பார்க்கலாம்.

எதிரி இல்லாத இடத்தில், ஓய்வெடுக்கும் சிலை பக்கத்திலேயே நின்று எல்1-ஐ நிதானமாகப் பலமுறை அமுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கத்தி உயர்ந்தால் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது, புதுக் கன்ட்ரோலருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது டிவி. எந்தப் பிக்சர் மோடில் ஓடுகிறது? சினிமா, ஸ்டாண்டர்ட் மாதிரி மோடுகளில் டிவி ஒவ்வொரு காட்சியையும் மெருகேற்றிவிட்டுத்தான் திரைக்கு அனுப்பும். அசைவை வழவழப்பாக்கும் வசதியும் சேர்ந்தால் தாமதம் 100 மில்லி நொடியைத் தாண்டுவது சகஜம். 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 17 மில்லி நொடி. அப்படியானால் கத்தி ஆறு ஃப்ரேம் முன்பே வந்துவிட்டது, நீங்கள் இப்போதுதான் பார்க்கிறீர்கள். சீரியல் பார்க்க இது பரவாயில்லை. செகிரோவுக்கு ஆகாது.

மொட்டைமாடி_ரோனின்:

பட்டன் சரியாக இருக்கிறது. டிவி சினிமா மோடில்தான் இருக்கிறது, அப்பா வைத்தது. இன்னொரு விஷயம், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் விளையாட முடியும் என்பதால் டிவியின் ப்ளூடூத்தில் இயர்போன் இணைத்திருக்கிறேன். அதுவும் பாதிக்குமா?

கம்பி_வட்டம்:

பாதிக்காமல் எப்படி! சாதாரண ப்ளூடூத் இயர்போனில் ஒலி பிந்தித்தான் வரும். இந்த கேமில் பாதிச் சண்டை காதில் நடக்கிறது.

டிவியைக் கேம் மோடுக்கு மாற்றுங்கள். அசைவை மெருகேற்றும் வசதியையும் தனியாக அணைத்துவிடுங்கள், சில டிவிகளில் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். கம்பி வைத்த சாதாரண இயர்போனை கன்ட்ரோலரின் அடியில் உள்ள துளையில் செருகுங்கள். செட்டிங்ஸில் ஆடியோ டிவைஸஸ் பகுதிக்குப் போய், ஹெட்ஃபோனுக்கு எல்லா ஒலியும் போகும்படி வையுங்கள். அப்பாவின் சினிமா மோடை விளையாடி முடித்ததும் மறக்காமல் திருப்பி வைத்துவிடவும், இல்லையென்றால் காலையில் வேறு பாஸ் ஃபைட்.

மொட்டைமாடி_ரோனின்:

மாற்றினேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அந்த நீண்ட தொடர் வெட்டில் போஸ்ச்சர் உடைகிறது. பயத்தில் எல்1-ஐத் தட்டிக்கொண்டே இருக்கிறேன், பாதி சிக்குகிறது, பாதி இல்லை. அவனுடைய போஸ்ச்சரோ நிரம்பவே இல்லை.

ஆஷினா_அக்கா:

தம்பி, கருவிக் கோளாறு தீர்ந்தது, இனி விளையாடும் விதத்துக்கு வருவோம். நீ இதுவரை ஜெயித்த மூன்று பாஸ்களிடமும் டிஃப்ளெக்ட் தேவைப்படவே இல்லை. நெருப்பு, பட்டாசு, விலகல் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறுக்கு வழி கிடைத்துவிட்டது. கெனிச்சிரோவிடம் வந்ததும் வழி அடைத்துக்கொண்டது. பாடம் நடத்துவதற்காகவே அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

எல்1-ஐத் தட்டிக்கொண்டே இருக்காதே. பட்டனைப் படபடவென்று அடித்தால் டிஃப்ளெக்ட்டுக்கான நேரத்தை கேமே சுருக்கிவிடும். ஒரு வெட்டுக்கு ஒரு அமுக்கல். அமுக்கியவுடன் விட்டுவிடாமல் ஒரு கணம் பிடித்திரு. நேரம் கொஞ்சம் முந்திப்போனாலும் சாதாரணத் தடுப்பாக மாறி உயிர் தப்பும். விட்டுவிட்டால் வெட்டு நேராக உடம்பில் இறங்கும். இன்னொன்று, உன் போஸ்ச்சர் கோடு முழுக்க நிரம்பியிருந்தாலும் சரியான டிஃப்ளெக்ட்டில் அது உடையாது. உடைவது வெறும் தடுப்பில்தான். அதனால் கோடு சிவந்ததும் பதறி ஓடாதே.

அடுத்தது, நிரம்பினால் கடைசிக் குத்து கிடைக்குமே, அந்த அவன் போஸ்ச்சர் ஏன் நிரம்பவில்லை? உயிர் நிறைய இருக்கும்வரை எதிரியின் போஸ்ச்சர் வேகமாக வடிந்துவிடும். உயிர் குறையக் குறையத்தான் வடிவதும் மெதுவாகும். நீ தூரம் போய் நின்று மூச்சு வாங்கினால் அவனும் மூச்சு வாங்குகிறான். ஆரம்பத்தில் அவன் உயிரைக் கொஞ்சம் சுரண்டு, அப்புறம் ஒட்டிக்கொண்டே நில்.

ஒட்டிக்கொண்டு நின்றால் எப்போது அடிப்பது, எப்போது தடுப்பது? இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பல ராத்திரி தூங்கியிருப்பேன். நீ ஆர்1 அடிக்கும்போது அவன் கத்தியைக் கவனி. சின்னப் பொறியும் மந்தமான சத்தமும் வந்தால் அவன் வெறுமனே தடுக்கிறான், தொடர்ந்து அடி. பெரிய பொறியும் உரத்த கணீரும் வந்தால் அவன் உன்னை டிஃப்ளெக்ட் செய்துவிட்டான், இனி அவன் முறை. உடனே கை எல்1-க்குப் போக வேண்டும். அந்த இடத்தில் இன்னொரு வெட்டுக்கு ஆசைப்பட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வாய். கும்மியில் எதிரில் இருப்பவர் கை வரும் நேரத்துக்கு நம் கை போவது மாதிரி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளம்தான்.

அப்புறம், வெறும் தடுப்பு பலிக்காத அடிக்கு முன் எச்சரிக்கையாக வரும் அந்தச் சிவப்பு எழுத்து. அவன் எகிறிக் குதித்து வெட்டி இறங்கியதும் அது பளிச்சிடும். அடுத்து வருவது குத்தாக இருக்கலாம், காலை வாரும் வீச்சாகவும் இருக்கலாம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அதைப் பார்த்துப் பயனில்லை, உடம்பைப் பார். கத்தியைப் பின்னால் இழுத்து முனையை உன் பக்கம் நீட்டினால் குத்து. உடம்பைத் தாழ்த்தி இடுப்பைத் திருகினால் வீச்சு. குத்துக்கு மிகிரி: அவனை நோக்கி வட்டப் பட்டன், கத்தியைக் காலால் மிதித்துவிடுவாய். வீச்சுக்குக் குதித்து, காற்றிலேயே மறுபடி குதி பட்டன், அவன் தலையில் உதை. இரண்டுமே அவன் போஸ்ச்சரை எக்கச்சக்கமாக ஏற்றும். மிகிரித் திறனைப் புள்ளி கொடுத்து இன்னும் வாங்கவில்லையென்றால் முதலில் அதை வாங்கிவிட்டு வா.

பாழடைந்த கோயிலில் ஹன்பேய் இருக்கிறான் அல்லவா, சாகவே முடியாத ஆள்? அவனிடம் கேட்டால் டிஃப்ளெக்ட், மிகிரி எல்லாம் சலிக்காமல் பழக்கிவிடுவான். அவனைச் சும்மா உட்கார வைத்துவிட்டு எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள்.

லெவல் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே எதிரிகளைக் கொன்று குவித்தால் திறன் புள்ளிகள் வரும், கத்தியின் பலமோ உயிரோ ஏறாது. உயிருக்கும் போஸ்ச்சருக்கும் ஜபமணிகள் நான்கு சேர வேண்டும். வெட்டின் பலம், பெரிய பாஸ்களை வென்றால் கிடைக்கும் ‘நினைவு’ என்ற பொருளிலிருந்து வருகிறது. ‘நியோ’ கேம் மாதிரி லெவலை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து அடிக்க முடியாது, ஆன்லைனில் ஆள் கூப்பிடவும் முடியாது.

டொக்கு_கட்டானா:

அக்கா சொல்வது பாடப்புத்தகம். நான் தூரத்தில் ஓடிக்கொண்டே இருந்து, அவன் குதித்து இறங்கும்போது மட்டும் ஒன்றிரண்டு வெட்டு போட்டே முடித்தேன். ஓடுகிற ஆளுக்கு போஸ்ச்சர் பற்றி என்ன கவலை?

ஆஷினா_அக்கா:

முடியாது என்று நான் சொல்லவில்லையே. உயிரை முழுக்கக் கரைத்தாலும் கடைசிக் குத்து கிடைக்கும். ஆனால் அவன் கையில் வில் இருக்கிறது. தூரத்தில் நின்று உயிர் ஏற்றும் சுரைக்குடுவையைத் திறந்தால் அம்பு வரும். அப்படியே தப்பித்துப் போனாலும் கேமின் கடைசி பாஸிடம் இதே பாடத்தை நான்கு மடங்கு கட்டணத்தில் படிக்க வேண்டியிருக்கும்.

டொக்கு_கட்டானா:

கடைசி பாஸிடம்தான் இன்னும் நிற்கிறேன். சரி, மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன்.

பழைய_ஓலை:

நடுவில் ஒரு செய்தி. கேமில் வரும் ஆஷினா நாடு கற்பனை. ஆனால் ஆஷினா என்றொரு குலம், ஜப்பானில் பிரபுக்கள் தங்களுக்குள் போரிட்ட செங்கோகு காலத்தில், அய்ஸு பகுதியில் உண்மையாகவே இருந்தது. 1589-ல் சுரியகெஹாரா போரில் தாத்தே மசமுனே என்ற பிரபுவிடம் தோற்றது. கேமிலும் ஆஷினா வீழும் நிலையில்தான் இருக்கிறது. நாட்டைக் காப்பாற்ற எந்த எல்லைக்கும் போகத் துணிந்தவன் கெனிச்சிரோ. எனக்கு அவன் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

சும்மா_வந்தேன்:

ஆரம்பத்திலேயே நம் கையை வெட்டியவன் மேல் இரக்கமா!

மணியன்_1:

ரோனின், ஒன்று கேட்க வேண்டும். கொங்கோ மலையில் இருக்கும் செம்போ கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு பெரிய மணியை அடித்தீர்களா?

மொட்டைமாடி_ரோனின்:

போனேன். கோட்டைக்கு அடியில் இருக்கும் பாதாளச் சிறை வழியாக வழி இருந்தது. மணி இருந்தால் அடிக்காமல் வருவோமா? ஏன்?

மணியன்_1:

அதுதான் பேய் மணி. அடித்தால் கேம் முழுக்க எதிரிகள் கடினமாகிவிடுவார்கள், பாஸ்களும் சேர்த்துத்தான். பதிலுக்குப் பொருட்கள் கொஞ்சம் அதிகம் விழும். ஈஸி மோட் இல்லாத கேமில் ஹார்ட் மோட் மட்டும் கயிறு கட்டித் தொங்குகிறது! உங்கள் பையில் ‘பெல் டீமன்’ என்ற பொருள் இருக்கும். அதை எடுத்துப் பயன்படுத்துங்கள், சாபம் இறங்கிவிடும். வேண்டுமென்றால் பின்னால் போய் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடி_ரோனின்:

இருந்தது. இறக்கிவிட்டேன். ஆட்டமே வேறாக இருக்கிறது! அக்கா சொன்ன பெரிய பொறி, சின்னப் பொறி கணக்கும் பிடிபட்டுவிட்டது. ஹன்பேயிடம் ஒரு மாலை முழுக்க மிதித்துப் பழகினேன். கெனிச்சிரோவின் இரண்டு உயிரையும் எடுத்தேன். முடிந்தது என்று நினைத்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்னலோடு எழுந்து வருகிறான். இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

சும்மா_வந்தேன்:

அந்த முகத்தை நாங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டாமா.

ஆஷினா_அக்கா:

மூன்றாவது கட்டம் இரண்டாவதை விட எளிது, நம்பு. வெட்டுகள் ஏறக்குறைய அதே வெட்டுகள்தான். மின்னல் மட்டும் புதுசு, அதுதான் அவன் பலவீனமும். கத்தியில் மின்னல் ஏறி அவன் உயரே எழும்பும்போது நீயும் குதி. தரையில் கால் இருக்கும்போது பட்டால் உடம்பு விறைத்துவிடும். காற்றில் இருக்கும்போது வாங்கினால் மின்னல் உன் கத்தியில் ஏறிக்கொள்ளும். தரையைத் தொடுவதற்குள் ஆர்1 அடித்தால் அவன் மேலேயே திரும்பிப் பாயும். அவன் துடித்து நிற்கும்போது ஓடிப் போய் வெட்டு.

சீக்கிரம் குதித்துவிடாதே. எல்லோரும் செய்வது அதுதான், மின்னல் வருவதற்குள் கால் தரைக்கு வந்துவிடும். அவன் கத்தி தலைக்கு மேலே போன பிறகு குதி.

மொட்டைமாடி_ரோனின்:

முடிந்தது!! மின்னலை ஒரே ஒரு தடவைதான் திருப்பி அடித்தேன், மீதி எல்லாம் கத்திதான். கை இன்னும் நடுங்குகிறது. கம்பி_வட்டம் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மணியன் சாருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. இத்தனை தடவை செத்ததில் டிராகன் ராட் நோய் பலருக்கும் தொற்றிவிட்டது, கோயிலில் எல்லோரும் இருமுகிறார்கள். யாராவது செத்துப்போவார்களா? உடனே குணப்படுத்த வேண்டுமா?

மணியன்_1:

அந்த நோயால் யாரும் சாக மாட்டார்கள். அவர்களுடைய கதை அப்படியே நிற்கும், ‘அன்சீன் எய்ட்’ (செத்தாலும் காசும் அனுபவப் புள்ளியும் போகாமல் இருக்கும் வாய்ப்பு) 30 சதவீதத்திலிருந்து இறங்கும், அவ்வளவுதான். நோயைக் குணப்படுத்தும் டிராகன் இரத்தத் துளி எண்ணிக்கையில் குறைவு. பாஸிடம் மாட்டியிருக்கும்போது அதைச் செலவழித்தால் அடுத்த சாவுகளில் நோய் திரும்பிவிடும், துளி வீண். இப்போது பெரிய பாஸ் ஒருவன் முடிந்துவிட்டான், யாரிடமாவது பேச வேண்டிய வேலை பாக்கி இருந்தால் சிலையில் உட்கார்ந்து பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இருமட்டும், அடுத்த பாஸ் முடியட்டும்.