இருள் தகவமைப்பா, இருட்பழகலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கண் மருத்துவக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் மதுரை நண்பர் 'டார்க் அடாப்டேஷன்' என்பதற்கு, அதாவது இருட்டுக்குள் போனதும் எதுவும் தெரியாத கண்ணுக்கு மெல்ல மெல்லப் பார்வை வருவதற்கு, நல்ல சொல் கேட்டிருந்தார். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பாவை விரிவு, இருள் ஏற்பமைவு, இருள் தகவமைப்பு. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

பாவை விரிவு பொருளிலேயே தவறு. இருட்டில் பாவை, அதாவது கருவிழியின் நடுவில் உள்ள துளை, விரிவது உண்மைதான், ஆனால் அது சில நொடிகளில் முடிகிற வேலை. 2 மில்லிமீட்டர் பாவை மிஞ்சிப்போனால் 8 மில்லிமீட்டர் ஆகும். பரப்பில் 16 மடங்கு. அரை மணி நேரம் இருட்டில் இருந்த கண்ணோ லட்சம் மடங்குக்கும் மேல் மங்கிய வெளிச்சத்தை உணர்கிறது. மீதி வேலை முழுக்க உள்ளே, விழித்திரையில் நடக்கிறது.

ஏற்பமைவு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கிட்டே உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் தெளிவாகப் பார்க்க விழிலென்ஸ் தடிமன் மாறுவதைப் பள்ளிப் பாடநூல் விழி ஏற்பமைவு என்கிறது. ஒரே புத்தகத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்தால் படிக்கிற பிள்ளைதான் தடுமாறும்.

தகவமைப்புக்கு ஆதரவு அதிகம், எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பாலைவனத்து ஒட்டகமும் சப்பாத்திக்கள்ளியும்தானே நினைவுக்கு வருகின்றன? தலைமுறை தலைமுறையாக ஓர் உயிரினம் மாறுவது அது. இங்கே நடப்பது ஒரே ஆளின் ஒரே கண்ணில், அரை மணி நேரத்தில், வெளிச்சம் பட்டால் திரும்பிவிடுகிற மாற்றம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, காதில் விழுந்தது. போன டிசம்பரில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விண்மீன் பார்க்க ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஊர் விளக்குகளைத் தாண்டி, ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினோம். ஆளுக்கொரு செல்போன் வெளிச்சம். தோட்டத்துக் காவல்காரப் பெரியவர் பாதையை மறித்து நின்றார். "வெளக்கையெல்லாம் அணைச்சுப்போட்டுக் கொஞ்சம் நில்லுங்க சார். கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்" என்றார்.

நின்றோம். முதலில் பக்கத்தில் நிற்பவர் கூடத் தெரியவில்லை. ஏழெட்டு நிமிடம் போனதும் சில்வர் ஓக் மரங்களின் அடிப்பக்கம் வெளிறிய கோடுகளாகத் தெரிந்தது. அப்புறம் பாதையின் கல், வேலி, ஒரு பெண்ணின் வெள்ளை ரிப்பன். அரை மணி ஆவதற்குள் மரங்களுக்கு இடையே வானம் நிரம்பிவிட்டது. அந்த நேரம் ஒரு பையனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்து திரை பளிச்சென்று எரிந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பாதி வானம் காணாமல் போயிற்று. "மறுபடி பழகோணும்" என்றார் பெரியவர்.

பழகுதல். இதைவிடச் சரியான வினை எனக்குத் தோன்றவில்லை. மெதுவாக நடப்பது, இடையில் கெட்டால் திரும்பத் தொடங்குவது, முயற்சி இல்லாமல் தானாக நிகழ்வது, மூன்றும் அதில் இருக்கின்றன. வெயிலிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைகிறவரும் அதைத்தான் சொல்கிறார்.

பெயர்ச்சொல்லாக்கும்போது இருட்பழக்கம் என்று வைக்க வேண்டாம். குடிப்பழக்கம், புகைப்பழக்கம் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். இருட்பழகல் என்கிறேன். பொருட்செலவு, நாட்குறிப்பு போல ளகரம் டகரமாவது இயல்பான புணர்ச்சி. எதிர்ச்செயல் ஒளிப்பழகல். இருட்பழகிய கண், இருட்பழகு நேரம், இருட்பழகல் வளைகோடு என்று கிளைச்சொற்கள் முட்டாமல் வருகின்றன. தகவமைப்பில் 'இருள் தகவமைப்புப் பெற்ற கண்' என்று நீட்ட வேண்டியிருக்கிறது.

கண்ணால் உணர முடிகிற மிகக் குறைந்த வெளிச்சம் நேரம் போகப் போக எப்படி இறங்குகிறது என்று காட்டுவது அந்த வளைகோடு. அதில் ஒரு முறிவு இருக்கும், கையேட்டில் அதை விட்டுவிடாதீர்கள். முதல் பத்து நிமிடத்துக்குள், நல்ல வெளிச்சத்தில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் தங்களால் முடிந்த அளவு பழகி நின்றுவிடும். அதன் பிறகு மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் முந்திக்கொள்ள, கோடு அரை மணி, முக்கால் மணி வரை இறங்கிக்கொண்டே போகும்.

இதையொட்டி இன்னொரு சோடிச் சொல்லும் தருகிறேன். குச்சி செல்லில் உள்ள ரோடாப்சின் என்ற செந்நிற நிறமி வெளிச்சம் பட்டால் நிறம் இழக்கும், இருட்டில் திரும்ப உருவாகும். தவளையின் விழித்திரையில் அந்தச் செந்நிறம் வெளிச்சத்தில் மங்குவதை 1876இல் ஃபிரான்ஸ் பால் என்ற ஜெர்மானியர் கண்டார். இந்த இழப்புக்கும் திரும்ப உருவாவதற்கும் 'நிறமியழிவு', 'மீளுருவாக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். சேலத்தில் சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொற்கள் ஒட்டவில்லை. வெயிலில் கிடந்த நூலைத் தூக்கிப் பார்த்து "வெளுத்துப்போச்சு" என்பார் அப்பா. தொட்டியிலிருந்து எடுத்ததை "சாயம் ஏறிடுச்சு" என்பார். விழித்திரையிலும் அதுவே நடக்கிறது: நிறமி வெளுத்தல், நிறமி ஏறல். ஏறுவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் வருவது மாலைக்கண். இந்த வேதியியலை அவிழ்த்த ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாலைக்கண் என்ற சொல்லோ அதற்கு வெகு முன்பே நம்மிடம் இருக்கிறது. கலைச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

'அவர்ட்டட் விஷன்' என்பதற்குப் புதுச்சொல் தேடுவதையும் நிறுத்திவிடலாம். அன்று கார்த்திகை மீன்கூட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, "நேராகப் பார்க்காதே, ஓரக்கண்ணால் பார்" என்றேன். உடனே கூட்டத்தில் கூடுதலாக இரண்டு மூன்று மீன் தெரிந்தன. நேராகப் பார்ப்பது வந்து விழுகிற, விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்கள் கிடையாது, சுற்றுப்பக்கத்தில்தான் அடர்ந்திருக்கின்றன. ஓரக்கண் பார்வை என்றே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு உங்கள் உதவி வேண்டும். கூம்பும் குச்சியும் சேர்ந்து வேலை செய்கிற மங்கலான வெளிச்சத்துப் பார்வைக்குத் தனிச்சொல் தேவை. அந்த நேரத்தில் செம்பருத்திப் பூ முதலில் கறுத்துவிடும், இலை வெளிறித் தெரியும். புர்க்கின்யே என்ற செக் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்னது இது. குச்சி செல்களுக்குச் சிவப்பு எட்டாததுதான் காரணம். எங்கள் பக்கம் பொழுது சாய்ந்து இருட்டு இறங்காத வேளையை மசங்கல் என்போம். 'மசங்கற நேரம், வண்டியைப் பாத்து ஓட்டு' என்பது வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு. எனவே பகற்பார்வை, மசங்கல் பார்வை, இரவுப்பார்வை என்று வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். நெல்லையிலும் தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் மசங்கல் புரியுமா? உங்கள் வீட்டில் அந்த வேளைக்கு என்ன சொல்வீர்கள்?

அன்புடன்,
சேலத்திலிருந்து