புதுப்பிப்பு: ஆட்டைச் சாய்த்தது கண்வலிக்கொடிதான்

போன வாரம் எங்கள் மூலனூர் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) இரண்டு ஆடுகள் ரத்தமாகக் கழிகின்றன, என்ன காரணம் என்று கேட்டிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றிங்க. ஒன்று மறுநாளே போய்விட்டது. இன்னொன்று நேற்று எழுந்து தண்ணீர் குடித்தது, பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கிளுவை வேலியைச் சுற்றிப் பார்த்தால், நுனி சுருண்ட இலைகளோடு கண்வலிக்கொடி ஏறியிருக்கிறது, ஆடு கடித்த தடம் அப்படியே இருக்கிறது, மழையில் மண் கரைந்து கிழங்கும் வெளியே தெரிகிறது. நம் மாநில மலர் செங்காந்தள்தான் அது. விதைக்காக நாமே பயிரிடுகிறோம், அந்த விதைக்கு விலை கிடைக்கச் செய்யும் கால்சிசின் என்ற அதே மருந்துப்பொருள்தான் ஆட்டுக்கு விஷம். செடி முழுக்க நச்சு, கிழங்கிலும் விதையிலும் ரொம்ப அதிகம். தனி முறிவு மருந்து இல்லாததால் டாக்டர் கரித்தூளும் குளுக்கோஸும்தான் கொடுத்தார்.

கொடியை மட்டும் அறுத்தால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும், அதனால் இன்று கிழங்கோடு தோண்டிக்கொண்டிருக்கிறேன்.