டயாலிசிஸ் வேலை எனக்குப் பரதர்மமா?

கண்மாய்க்கரை:
வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் வேளார். ஐயனார் கோயில் புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்து கொடுப்பது தாத்தா காலத்துக்கும் முந்தியிருந்தே எங்கள் வீட்டு வேலை. பூசையும் எங்களுடையதுதான். எனக்கு 31 வயது, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன்.

இந்த வருடம் புரவியெடுப்பு வைப்பதாக ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. வைகாசியில் பிடிமண் கொடுப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் பின்வாங்க முடியாது, குதிரை முடியும்வரை எங்கள் வீட்டில் விரதம். அப்பாவுக்கு 68 ஆகிறது. முழங்கால் போய்விட்டது, சக்கரத்தின் முன்னால் குந்த முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்கிறார்.

அப்பா கேட்டதுகூட வலிக்கவில்லை. போன வாரம் பெரியப்பா வீட்டில் ஒரு உறவினர் எல்லார் முன்னாலும் கீதை சொன்னார். பிறர் தர்மத்தை நன்றாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல், பரதர்மம் பயம் தரும் என்று. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீ பார்ப்பது அடுத்தவன் தொழில்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊசி போடும் முன்னால் நோயாளியின் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடத்தில், விரலை வைத்துப் பார்ப்பேன். தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டால் வருமே, அப்படி ஓர் அதிர்வு வரும். வந்தால் இரத்தம் ஓடுகிறது. மங்கியிருந்தால் மெஷினில் போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அப்பா இப்படித்தான் காய்ந்த குதிரைக் காலை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். உள்ளே ஈரம் நின்றால் சத்தம் வேறு மாதிரி, சூளையில் வெடித்துவிடும் என்பார். எனக்கு அந்தக் காது இல்லை. சின்ன வயதிலிருந்து பழகியும் கை வரவில்லை. குதிரை முகம் என் தங்கைக்குத்தான் வரும், கண்ணும் பிடரியும் அவள் வைப்பதுதான்.

என்னிடம் வருகிறவர்களுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். இவர்களை விட்டுவிட்டு நான் மண்ணுக்குப் போக வேண்டுமா? எது என் ஸ்வதர்மம்? கீதை படித்தவர்கள் சொல்லுங்கள்.

தென்கரை:
சகோ, அந்த சுலோகத்தைச் சொல்லித்தான் எத்தனையோ பேரை அப்பன் தொழிலிலேயே கட்டிப் போட்டார்கள். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ளும் யாராவது நீங்கள் என்ன குலம் என்று கேட்டார்களா? நிம்மதியாக டூட்டிக்குப் போங்கள்.

காவிரி டீச்சர்:
தம்பி, நான் முப்பது வருடம் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவள். உங்கள் உறவினர் சொன்னது மூன்றாம் அத்தியாயத்து 35ஆம் சுலோகம். அதன் முதல் வரி பதினெட்டாம் அத்தியாயத்தில் 47ஆம் சுலோகமாக அப்படியே திரும்ப வருகிறது. ஆனால் அங்கே அடுத்த வரி வேறு: 'ஸ்வபாவ நியதம் கர்ம'. தன் இயல்பு வகுத்த வேலை என்று அர்த்தம்.

தென்கரை கோபப்படுவது நியாயம். அதே இடத்தில் நான்கு வருணத்துக்கும் வேலை பிரித்துச் சொல்லியிருக்கிறது, அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் பிரிப்புக்குச் சொல்லும் காரணமும் இயல்பில் பிறந்த குணங்கள் என்பதுதான். பிறப்பா இயல்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நான் இயல்பின் பக்கம். இன்னொன்று, அர்ஜுனன் வேறு வேலைக்கு மனுப் போட்டவன் அல்ல. கையிலிருந்த பொறுப்பைப் போட்டுவிட்டுப் பிச்சை எடுத்துச் சாப்பிடலாம் என்று கிளம்பியவன். கண்ணன் தடுத்தது அந்த ஓட்டத்தை. நீங்கள் எங்கே ஓடினீர்கள்?

'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' தெரியுமில்லையா? மகாபாரதத்து வனபர்வத்திலும் அப்படி ஒரு கதை உண்டு. அதில் முனிவர் பெயர் கௌசிகர். பார்வையாலேயே கொக்கை எரித்த கர்வத்தோடு ஒரு வீட்டுக்குப் பிச்சை கேட்டு வந்தவரை அந்த வீட்டுப் பெண் மிதிலையில் ஓர் இறைச்சிக் கடைக்காரரிடம் அனுப்புகிறாள். அவர் தர்மம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வயதான அம்மா அப்பாவைக் காட்டுகிறார், இவர்கள்தான் என் தெய்வம் என்று. பெற்றவர்களை விட்டுவிட்டு வேதம் படிக்கப் போன கௌசிகரை, போய் அவர்களைப் பார் என்று திருப்பி அனுப்புகிறார்.

அதனால் சொல்கிறேன், உங்கள் அப்பா இரண்டு கேட்கிறார். ஒன்று குதிரை, இன்னொன்று நீங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை:
என் அம்மாவுக்கு நாலு வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஒரு குறிப்பிட்ட தம்பி ஊசி போட்டால்தான் கையை நீட்டுவார். அவர் லீவு என்றால் முதல் நாளே முகம் வாடிவிடும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், இங்கே எல்லாரும் தங்கையைத் தாண்டிப் போய்விட்டீர்களே? முகம் அவளுக்குத்தான் வரும் என்று அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். அந்த உறவினர் சுலோகத்தை அவளைப் பார்த்து ஏன் சொல்லவில்லை? டீச்சர் சொல்லும் இயல்பு அந்த வீட்டில் யார் கையில் இருக்கிறது?

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை அக்கா கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். எனக்கே அது தோன்றவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது.

நேற்று அப்பாவிடம் போனில் பேசினேன். முதலில் முழங்காலைப் பற்றித்தான். அடுத்த மாதம் திருச்சிக்கு வரச் சம்மதித்துவிட்டார், எலும்பு டாக்டரிடம் காட்டுகிறேன். பிறகு தங்கை பேச்சை எடுத்தேன். பிடிமண்ணை ஆண்பிள்ளைதான் வாங்க வேண்டும், அதில் பேச்சே இல்லை என்றார். சரி, நான் வந்து வாங்குகிறேன், விரதமும் இருக்கிறேன், ஆனால் வனைவது அவள் பெயரில் நடக்கட்டும், ஊராரிடம் அப்படியே சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. கடைசியில், "போன தடவை பெரிய குதிரைக்குக் கண் வைத்தது அவள்தான், ஊரில் யாருக்கும் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.

கண்மாய் மண்ணில் இந்தத் தடவை மணல் கூடுதலாம், சலித்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள். பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார். அவரிடம் என் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் எந்த இடத்தில் ஊசி என்று இன்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.