மேய்ச்சல் நிலத்தில் நைட்ரஸ் ஆக்சைடு: மூன்று பெட்டி, மூன்று விதமான எண்

மிட்லண்ட்ஸ்_புல்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நடாலில் நாட்டிங்ஹம் ரோடு என்ற ஊர்ப் பக்கம், சுமார் 1,400 மீட்டர் உயரம். கிக்குயூ புல்லில் ரைகிராஸ் புல்லை ஊடே விதைத்த பால்மாட்டு மேய்ச்சல். மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயுவை மூடிய பெட்டியில் அளக்கிறோம். பெட்டி என்பது மண்ணில் இறக்கிய 25 செ.மீ. விட்ட வளையமும் அதன்மேல் 15 செ.மீ. உயர மூடியும்; 0, 20, 40 நிமிடத்தில் சிரிஞ்சில் காற்றெடுத்து 12 மி.லி. கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். ஒரே பேடக்கில் (வேலியிட்ட மேய்ச்சல் துண்டில்) மூன்று பெட்டி, ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 18, 40, 870 மைக்ரோகிராம் நைட்ரஜன் (நைட்ரஸ் ஆக்சைடாகப் போவது). 870-ஐ விட்டுவிட்டுச் சராசரி போடலாமா? பூஜ்ய நிமிட மாதிரியே 400 பிபிபி (நூறு கோடியில் 400 பங்கு) காட்டுகிறது. போதாக்குறைக்குப் பண்ணைக் கணக்குப் போடுபவர் மூத்திர நைட்ரஜனில் 2% நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்கிறார். சரிதானா?

மண்வாசி:
870-ஐ எறிந்துவிடாதீர்கள். மேய்ச்சல் நிலம் வாயுவை விடுவதே அப்படித்தான். மாடு ஒரு முறை பெய்வது ஏறக்குறைய 2 லிட்டர்; விழுந்த திட்டில் மட்டும் கணக்கிட்டால் ஹெக்டேருக்கு 500 முதல் 1,000 கிலோ நைட்ரஜன். எந்தப் புல்லும் அவ்வளவை இழுக்காது. யூரியா அம்மோனியமாகி, நைட்ரேட்டாகி, மேலே ஒரு நல்ல மழை விழுந்து மண்ணில் காற்று குறைந்ததும் குபீரென்று கிளம்பும். அந்த மூன்றாவது வளையம் பழைய மூத்திரத் திட்டின்மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 3 பெட்டியை வைத்து ஒரு பேடக்கின் சராசரி சொல்ல முடியாது, 10 வைத்தாலும் சந்தேகம்தான்.

மாடு போகாதபடி சில மாதம் வேலியடைத்த இடத்தில் மூத்திரத்தை நீங்களே அளந்து ஊற்றுங்கள். பக்கத்தில் அதே அளவு தண்ணீர் ஊற்றிய கட்டுப்பாட்டு வளையம், இரண்டிலும் குறைந்தது நாலு நாலு வளையம். உங்கள் வளையத்தின் பரப்பு 0.049 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 10 லிட்டர் என்றால் அரை லிட்டர். லிட்டரில் 6 கிராம் நைட்ரஜன் இருந்தால் ஹெக்டேருக்கு 600 கிலோ. மூத்திரத்தைப் பிடித்த உடனே 4 டிகிரியில் வையுங்கள், இல்லாவிட்டால் வாளியிலேயே அம்மோனியாவாகப் போய்விடும். முதல் மாதம் வாரம் இரண்டு முறை அளந்து பாருங்கள், பிறகு வாரம் ஒரு முறை, நல்ல மழைக்குப் பின் கூடுதலாக ஒரு முறை. கட்டுப்பாட்டு அளவுக்கு இறங்கும்வரை விடாதீர்கள். நேரம் காலை 10 முதல் 12.

பேடக்கின் மொத்தக் கணக்குக்கு மூத்திரம் படும் பரப்பின் பங்கைத் தனியாகக் கண்டு பெருக்கிக்கொள்ளலாம்.

குப்பிக்காரன்:
400 பிபிபிதான் என் கண்ணை உறுத்துகிறது. வெளிக்காற்றில் இருப்பது 340-க்குச் சற்றுக் கீழே. பூஜ்யத்திலேயே 400 என்றால், மூடியை அழுத்தும்போது மண்ணுக்குள் இருந்த வாயு பிதுங்கி வந்திருக்கும், அல்லது குப்பியில் பழைய மாதிரியின் மிச்சம். மூடியில் காற்றழுத்தம் சமமாக மெல்லிய குழாய்த் துளை இருக்கிறதா? ஈர மண்ணில் வளையத்துக்குப் பக்கத்தில் மிதித்து நிற்கவும் கூடாது, ஒரு பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். வளையத்தை முந்தின நாளே இறக்க வேண்டும். கிக்குயூவின் தரையோடு ஓடும் தண்டுகளைக் கத்தியால் வட்டமாக அறுத்துவிட்டு 8-10 செ.மீ. இறக்குங்கள், அறுக்காமல் சுத்தியலால் அடித்தால் ஓரமாக இடைவெளி விழுந்து வாயு அதன் வழியே கசியும்.

குப்பியைச் சோதிக்க: தெரிந்த செறிவுள்ள வாயுவை 3 குப்பியில் அடைத்து, வயலுக்குக் கொண்டுபோய்த் திரும்ப மற்ற மாதிரிகளோடு அனுப்புங்கள். எண் மாறியிருந்தால் ரப்பர் மூடிதான் கசிகிறது. 12 மி.லி. குப்பியில் 20 மி.லி. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெளிக்காற்று நுழையாது. 3 புள்ளியும் போதாது. 0, 15, 30, 45 என்று 4 எடுத்தால்தான் கோடு வளைகிறதா என்று தெரியும்.

அழுத்தத்தையும் பாருங்கள், தம்பி. 1,400 மீட்டரில் சுமார் 86 கிலோபாஸ்கல். 25 டிகிரியில் ஒரு கன மீட்டரில் 34.7 மோல் காற்று. கடல்மட்ட அழுத்தத்தைப் போட்டால் 40.9. நிமிடத்துக்கு 5 பிபிபி ஏறினால் சரியான விடை சதுர மீட்டருக்கு மணிக்கு 43.7 மைக்ரோகிராம் நைட்ரஜன், தவறானது 51.5. கடலோர டர்பனில் எழுதிய எக்செல் தாளை மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். உயரம் 15 என்று எழுதியிருக்கிறீர்கள், வளையம் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியையும் உள்ளே 4 இடத்தில் அளந்து கூட்டினீர்களா?

மிட்லண்ட்ஸ்_புல்:
ரொம்ப நன்றி அண்ணா. தாளில் அழுத்தம் கடல்மட்டத்து 101-தான் போட்டிருந்தது. மண் துளைகளில் தண்ணீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணக்கிட்டால் 115% வருகிறது. ஈரம் எடையளவில் 45%, மண்ணடர்த்தி 1.3 என்று வைத்தேன்.

மண்வாசி:
100-க்கு மேலே போனால் அடர்த்தி தப்பு. நம்ம மேட்டுச் செம்மண்ணில் மட்கு அதிகம், அடர்த்தி 1-க்குக் கீழே இறங்கும். 0.95 என்று வையுங்கள்: கன அளவு ஈரம் 0.43, துளைப்பங்கு 1 − 0.95/2.65 = 0.64 (2.65 என்பது மண்துகளின் அடர்த்தி), விடை 67%. நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புவதற்குத் தோதான நிலை அதுதான். 90 தாண்டினால் பெரும்பகுதி வெறும் நைட்ரஜன் வாயுவாகப் போய் உங்கள் எண் இறங்கும். சேற்றில் அளவு குறைந்தால் கருவியைத் திட்டாதீர்கள். அடர்த்தியை ஊகிக்காமல், தெரிந்த கன அளவுள்ள உருளையை மண்ணில் அடித்து எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி அளந்துகொள்ளுங்கள்.

2% என்பது ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவின் 2006 வழிகாட்டியில் மாட்டுக்குக் கொடுத்தது. 2019 திருத்தத்தில் பொது மதிப்பு 0.4%, ஈரப் பகுதிக்கு 0.6%, வறண்ட பகுதிக்கு 0.2%. மிதவெப்ப மண்டலத்தில் ஆண்டு மழையை ஆவியாதல் திறனால் வகுத்து 1-க்கு மேல் வந்தால் ஈரம், கீழே என்றால் வறட்சி. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது உங்கள் வானிலைப் பதிவைப் பார்த்தால் தெரியும். ஹெக்டேருக்கு 300 கிலோ மூத்திர நைட்ரஜன் என்று வையுங்கள். 0.6 சதவீதத்தில் 1.8 கிலோ, நைட்ரஜன் எடையை வாயுவின் எடையாக்க அதை 44/28-ஆல் பெருக்கினால் 2.83 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, வெப்பமாக்கும் திறன் 273 மடங்கு என்று போட்டால் 772 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதே கணக்கு 2 சதவீதத்தில் 2,574. உங்கள் பண்ணைக் கணக்குப் போடுபவர் எந்த ஆண்டுத் தாளை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

குப்பிக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. ஆய்வகம் கார்பன் டை ஆக்சைடு எண்ணையும் சேர்த்து அனுப்பும், அதை உமிழ்வில் கூட்டிவிடாதீர்கள். இருட்டுப் பெட்டிக்குள் புல்லும் வேரும் விடும் மூச்சு அது. பகலில் புல் இழுப்பது அதில் தெரியாது. ஆனால் மூடி கசிகிறதா என்று பார்க்க நல்ல அடையாளம்: அது சீராக ஏறாத பெட்டியின் நைட்ரஸ் ஆக்சைடையும் நம்பாதீர்கள்.